கூவியரின் அகல்: பழந்தமிழ் அடை, அப்பச் சான்றுகளை வாசிக்கும் முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தோசை, ஆப்பம், இடியாப்பம் ஆகியவற்றுக்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு என்னும் கருத்து, உணவு வரலாற்று நூல்களின் வழியாகக் கல்விப்புலத்திலும் நிலைபெற்றுவிட்டது. அக்கருத்துக்கு அடிப்படையாகக் காட்டப்பெறும் மதுரைக்காஞ்சி, பெரும்பாணாற்றுப்படைப் பகுதிகளை, அவற்றில் பயின்றுவரும் வினைச்சொல், கலம், உவமையின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை மீள வாசிக்கிறது. கல்லிலும் சட்டியிலும் சுடப்பெறும் பிற பண்பாட்டு அடை வகைகள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: கூவியர், மெல்லடை, அப்பம், தோசை, உவமை, உரைமரபு, உணவு வரலாறு

பெயரைத் தேடும் வாசிப்பு

மாவைக் கரைத்தோ பிசைந்தோ சூடேறிய பரப்பில் வட்டமாக இட்டுச் சுடும் உணவு இல்லாத பண்பாடு அரிது. எத்தியோப்பியாவின் இன்ஜெரா, மொரோக்கோவின் பக்ரீர், ரஷ்யாவின் பிளினி, வியட்நாமின் பான் சேவ், கொரியாவின் பிந்தேத்தொக், தென்னிந்தியாவின் தோசை ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் 'பான்கேக்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. கலத்தையும் வடிவத்தையும் மட்டும் நோக்கும் வகைப்பாடு இது. இன்ஜெராவின் தெஃப் தானியமும் பிந்தேத்தொக்கின் பாசிப்பயறும் பான் சேவின் அரிசியும் தம்முள் எவ்வகையிலும் ஒத்தவை அல்ல. ஒன்று பல நாள் புளிக்க வைக்கப்படுவது. மற்றவை புளிக்காமலே சுடப்படுபவை.

தமிழ் இவற்றைப் பெயரால் பிரிப்பதைவிட வினையால் நுட்பமாகப் பிரிக்கிறது. அடையைத் தட்டுவர், தோசையை வார்ப்பர், பணியாரத்தை ஊற்றுவர், கொழுக்கட்டையைப் பிடிப்பர், இட்லியை அவிப்பர், இடியாப்பத்தைப் பிழிவர். மாவு எவ்வளவு நெகிழ்ந்தது, கை அதனைத் தொடுகிறதா இல்லையா, வெப்பம் எவ்வழி வருகிறது என்பவற்றை இவ்வினைகளே சொல்லிவிடுகின்றன. பழம்பாடல்களில் உணவைத் தேடும் ஆய்வாளர் முதலில் நோக்கவேண்டியது இவ்வினைகளையே. ஆனால் இதுவரை நடந்த தேடல் பெரும்பாலும் பெயர்த்தேடலாகவே அமைந்தது.

தோசைக்குச் சங்க இலக்கியச் சான்று உண்டு என்னும் கருத்து பரவலாகியதில் உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயாவின் நூல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1994இல் வெளிவந்த அவரது இந்திய உணவு வரலாற்று நூலும் 1998இல் வெளிவந்த உணவு வரலாற்று அகராதியும் இத்துறையின் அடிப்படை நூல்கள் என்பதில் ஐயமில்லை. தாவரவியல், தொல்லியல், இலக்கியம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கையாண்ட முயற்சி அது. ஆயினும் தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தமட்டில் அம்மரபில் வந்த வாசிப்பு, மூலத்தையும் உரையையும் வேறுபடுத்திக் காணவில்லை. பிறகு வந்தோர் மூலத்தைத் திறந்து பாராமலே அக்கருத்தை வழிமொழிந்தனர். இன்று தோசை உடுப்பியினதா தமிழகத்தினதா என்னும் வழக்கில் சங்க இலக்கியம் தமிழ்த் தரப்பின் முதற்சாட்சியாக நிறுத்தப்படுகிறது. அச்சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பாட்டிலும் தொகையிலும் 'தோசை' என்னும் சொல் இல்லை. சான்றாகக் காட்டப்பெறும் முதன்மையான இடங்கள் இரண்டு. அவற்றில் 'அப்பம்' என்னும் சொல்லும் இல்லை. அது உரையில் வருவது.

இரண்டு இடங்கள்

மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியில், மதுரையின் இரண்டாம் சாமம் விரிவாகச் சித்திரிக்கப்படுகிறது. கடைகள் அடைபட்டு ஊர் ஓய்கிறது. பண்டம் விற்றவர்கள் தம் இடத்திலேயே உறங்கிவிழுகின்றனர். அவ்வாறு உறங்குவோருள் ஒருவகையினர் கூவியர். அவர்களுடைய பண்டங்களாகப் புலவர் சொல்பவற்றுள் மெல்லடையும் மோதகமும் அடங்கும். மெல்லடை, அழகிய வரிகளையுடைய தேனிறாலைப் போன்றது என்கிறார் (மதுரைக். 624-627). இறால் என்பது தேன்கூடு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் மீண்டும் வருகின்றனர். இம்முறை நேரடியாக அன்று, உவமைக்குள். கச்சிக்குச் செல்லும் வழியில் ஒரு நீர்த்துறை. காஞ்சி மரத்தைச் சுற்றிப் படர்ந்த குருக்கத்திக் கொடியின் பூக்கள் மணல்மேல் ஓடும் நீரில் உதிர்கின்றன. அவை, கரிய அகலையுடைய கூவியர் பாகோடு பிடித்த, இழைகள் சூழ்ந்த வட்டங்கள் பாலில் கிடப்பவை போல் தோன்றுகின்றன (பெரும்பாண். 377-378). நச்சினார்க்கினியர் இவ்வட்டத்தை அப்பம் எனக் கொண்டார். பிற்கால வாசகர் சிலர் 'இழை' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு இடியாப்பம் என்றனர். வேறு சிலர் ஆப்பம் என்றனர்.

இவ்விரு இடங்களையும் ஒரே தன்மையுடைய சான்றுகளாக அடுக்குவதே முதற்பிழை. மதுரைக்காஞ்சியில் உணவு பொருள், தேனிறால் உவமம். பெரும்பாணாற்றுப்படையில் உணவு உவமம், பூ பொருள். உணவு பொருளாக வரும்போது புலவர் அதனைக் கேட்போர்க்கு விளக்கும் பொறுப்பில் இருக்கிறார். ஆகவே அதன் தோற்றத்தைச் சொல்கிறார். உணவு உவமமாக வரும்போது கேட்போர் அதனை முன்பே அறிவர் என்பது துணிபு. அங்குச் சொல்லப்படும் கூறுகள் பூவோடு பொருந்துபவை மட்டுமே, பொருந்தாதவை விடப்படும். எனவே பெரும்பாணாற்றுப்படை தரும் வட்டத்தை அறியவேண்டுமெனில் சமையற்கட்டுக்குச் செல்வதற்குமுன் குருக்கத்திப் பூவைப் பார்க்கவேண்டும்.

பூவிலிருந்து வட்டத்துக்கு

குருக்கத்தி வடநூலார் மாதவி என்பது. அதன் பூ வெண்மையானது. இதழ்களுள் ஒன்றில் மஞ்சள் தீற்று உண்டு. இதழ் விளிம்புகள் நூல் நூலாகப் பிரிந்து குஞ்சம்போல் இருக்கும். பூவின் புறம் மெல்லிய மயிர் அடர்ந்து மங்கலாகத் தோன்றும். புலவரும் அப்பூவை மங்கிய புறமும் வரிகளும் உடையது என்றே அடைகொடுத்துச் சொல்கிறார். இந்தப் பூவை வைத்துப் பார்த்தால் 'இழை சூழ்ந்த' என்பதன் பொருள் தெளிவாகிறது. இழைகள் வட்டத்தின் விளிம்பில் உள்ளன. வட்டம் முழுவதும் இழையால் ஆனதன்று. சூழ்தல் என்னும் வினையும் அதையே சொல்கிறது. இடியாப்பத்தில் இழை சூழ்வதில்லை, இழையே வட்டம். ஆகவே இடியாப்பம் என்னும் அடையாளம் பூவின்முன் நிற்கவில்லை.

மங்கிய புறம் என்னும் அடை இன்னும் ஒரு வாய்ப்பைத் தருகிறது. ஒருபுறம் மட்டும் வெந்த அப்பத்துக்கு அடிப்புறம் சிவந்தும் மேற்புறம் வெளுத்தும் இருப்பது இயல்பு. இருபுறமும் வேறுபட்ட பூவுக்கு இருபுறமும் வேறுபட்ட பண்டம் உவமையானது தற்செயல் ஆகாது எனலாம். எனினும் இது ஊகமே. புலவர் பண்டத்தின் புறத்தைச் சொல்லவில்லை.

இவ்வளவில் நச்சினார்க்கினியரின் 'அப்பம்' வலுப்பெறுவதாகத் தோன்றும். ஆனால் வினைச்சொல் தடுக்கிறது. வட்டம் பாகோடு 'பிடித்தது'. வார்த்ததன்று; ஊற்றியதன்று. இதே வினை மதுரைக்காஞ்சியில், அதே கூவியரின் மற்றொரு பண்டமான மோதகத்துக்கும் வருகிறது. அங்கு மோதகம் உள்ளீட்டோடு பிடித்தது. இங்கு வட்டம் பாகோடு பிடித்தது. வேற்றுமை உருபும் ஒன்று, வினையும் ஒன்று, தொழில் செய்வோரும் ஒருவரே. மோதகத்தில் 'பிடித்தல்' கையால் உருச்செய்தலைக் குறிக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை; இன்றும் கொழுக்கட்டையையும் உருண்டையையும் பிடிக்கவே செய்கின்றனர். அதே தொடரமைப்பைப் பெரும்பாணாற்றுப்படையில் மட்டும் மாவு கரைத்து ஊற்றுதல் எனக் கொள்வதற்கு மூலத்தில் இடமில்லை. பாகு, சுட்டபின் மேலே ஊற்றப்பட்டதாகவும் இத்தொடர் சொல்லவில்லை. செய்யும்போதே மாவோடு சேர்ந்தது அது.

பாகோடு மாவைச் சேர்த்து உருச்செய்து, தட்டி, எண்ணெயிலோ நெய்யிலோ இடும் பண்டம் எதுவென்று தமிழ்நாட்டின் எந்த வீட்டில் கேட்டாலும் அதிரசம் என்றே விடை வரும். அதிரசம் வினைக்கும் பாகுக்கும் பொருந்துகிறது. விளிம்பின் இழைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆப்பம் இழைக்கும் அகலுக்கும் பொருந்துகிறது; வினைக்குப் பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பது, அரிசிமாவை வெல்லப்பாகோடு கூட்டிக் குழிந்த கலத்தில் நெய்யில் வேகவைக்கும் பழைய அப்பம். கோயில்களில் இன்றும் படைக்கப்பெறுவது அதுவே. கோவிலடியில் எழுந்தருளியுள்ள பெருமாளுக்கு அப்பக்குடத்தான் என்னும் பெயர் அமைந்ததும், அருணகிரிநாதர் பிள்ளையாருக்குரிய படையல்களில் அப்பத்தைச் சேர்த்ததும் இவ்வினிப்பு அப்பத்தை வைத்தே.

இங்குத்தான் உரைக்கும் இன்றைய வாசகருக்கும் இடையே ஒரு வழுக்கல் நேர்கிறது. நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டினராகக் கொள்ளப்பெறுபவர். அவர் 'அப்பம்' என்றபோது அவர் காலத்துக் கோயிலிலும் கடையிலும் இருந்த இனிப்புப் பண்டத்தைக் கருதியிருக்கவே வாய்ப்பு மிகுதி. பாகு என்னும் சொல் மூலத்தில் இருந்ததால் அவருக்கு அதில் தடையும் இல்லை. இன்றைய வாசகர் அச்சொல்லை நெடிலாக்கி 'ஆப்பம்' என்று படித்துக்கொள்கிறார். கள்ளோ ஈஸ்ட்டோ இட்டுப் புளிக்கவைத்த, இனிப்பில்லாத வெள்ளைப் பண்டம் அவர் கண்முன் வருகிறது. தமிழகத்தில் அப்பமும் ஆப்பமும் வேறு. இலங்கைத் தமிழரிடையே புளித்த பண்டத்துக்கே அப்பம் என்று பெயர். நடுவில் தேங்காய்ப்பால் விட்டது பாலப்பம். யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், பாலில் கிடக்கும் வட்டங்களைப் படித்தவுடன் பாலப்பத்தை நினைப்பது இயல்பே. அந்நினைவு இனியது, சான்றாகாது. உரையாசிரியர் தம் காலத்துப் பண்டத்தைப் பழம்பாட்டுக்குள் வைத்தார். நாம் நம் காலத்துப் பண்டத்தை உரையாசிரியர் சொல்லுக்குள் வைக்கிறோம். ஒரே பாடலின்மேல் இரண்டு காலப்பிழைகள் ஏறி நிற்கின்றன.

தேனிறால் சொல்வது

மெல்லடையின் நிலை வேறு. அதற்கு வினை தரப்படவில்லை. ஆயின் தோற்றம் தரப்பட்டுள்ளது. மென்மையும் தேன்கூட்டின் வடிவமும் அதன் இரு குறிகள். உலகின் அடை வகைகளோடு ஒப்பிட வேண்டிய இடம் இதுவே.

மாவு வட்டத்தில் கண்கண்ணாகத் துளைகள் உண்டாவது எளிதில் நேர்வதன்று. மாவு நெகிழ்ந்திருக்கவேண்டும், அதனுள் வளி பிறந்திருக்கவேண்டும், வெப்பம் அடியிலிருந்து மட்டும் வரவேண்டும், திருப்பிப் போடக்கூடாது. அப்போதுதான் மேலெழும் குமிழ்கள் மேற்பரப்பில் உடைந்து, மாவு இறுகும்போது திறந்த வாயாகவே நின்றுவிடும். எத்தியோப்பியாவின் இன்ஜெராவில் இதைத் தெளிவாகக் காணலாம். தெஃப் மாவைக் கரைத்து, முந்தைய ஈட்டில் எடுத்துவைத்த எர்ஷோ என்னும் புளித்த நீரை ஊற்றிச் சில நாள் வைத்து, மிதாத் என்னும் அகன்ற தட்டில் சுருளாக ஊற்றி மூடிவைப்பர், திருப்புவதில்லை. மேற்புறத் துளைகளைக் கண்கள் என்றே அம்மக்கள் வழங்குகின்றனர்; கண் இல்லாத இன்ஜெரா நல்லதாகக் கருதப்படுவதில்லை. சோமாலியரின் லகோகும், ஏமனின் லகூகும் இதே இனம். மொரோக்கோவின் பக்ரீர் ரவையில் ஈஸ்ட் சேர்த்து ஒருபுறம் மட்டும் சுடப்பெறுவது. அதன்மேல் வெண்ணெயும் தேனும் ஊற்றுவர், துளைகள் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். இங்கிலாந்தின் கிரம்பெட்டும் இவ்வழியதே. மாறாகப் பிரெஞ்சு கிரேப்பில் இத்துளைகள் இல்லை. மாவில் வளியில்லை, அது திருப்பியும் போடப்படுகிறது. ரஷ்யாவின் பிளினியில் ஈஸ்ட் உண்டு, ஆனால் திருப்பிப் போடுவதால் கண்கள் மூடிக்கொள்கின்றன.

இவ்வொப்பீட்டின்படி, தேனிறால் போன்ற மெல்லடை என்பது துளையுடைய, ஒருபுறம் வெந்த, ஏதோ ஒருவகையில் பொங்கிய மாவால் ஆன அடையாக இருக்க இடமுண்டு. கூவியரின் பண்டங்கள் இனிய பாகோடு தொடர்புறுத்தப்படுவதும் இதற்கு இயைபாகவே உள்ளது. பாகைத் தாங்கத் துளை வேண்டும். பான்கேக் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாணாற்றுப்படையின் வட்டத்தை விடுத்து மதுரைக்காஞ்சியின் மெல்லடையைப் பற்றியிருந்தால் அவர்கள் வழக்கு இன்னும் வலுவாக அமைந்திருக்கும். அவர்கள் பிடித்தது தவறான பாட்டின் தவறான பண்டம்.

ஆயினும் இங்கும் ஒரு தடை உண்டு. தமிழில் தேன்கூட்டுக்கே தேனடை என்று பெயர் வழங்குகிறது. அடுத்தடுத்து அடைந்து கிடப்பது எதுவும் அடை. ஆகவே அடைக்குத் தேனிறால் உவமையானதில் கண்ணுக்குத் தெரிந்த ஒப்புமையோடு சொல்லின் ஒப்புமையும் கலந்திருக்கக்கூடும். மேலும் புலவர் சொல்வது 'வரி', துளையன்று. தேன்கூட்டின் வரியைத் தோற்றுவிக்கும் வேறு வழிகளும் சமையலில் இல்லாமலில்லை. ஒருவர் இத்தடைகளைக் கேட்டபின்னும் துளையுடைய அடை என்னும் விளக்கத்தையே ஏற்கலாம். இக்கட்டுரையும் அதையே சாத்தியம் மிக்கதாகக் கொள்கிறது. அதிலிருந்து உளுந்தும் அரிசியும் அரைத்துப் புளிக்கவைத்த தோசைக்குத் தாவுவதற்கு மட்டும் பாலம் இல்லை. ஊத்தப்பத்திலும் கல்தோசையிலும் துளை உண்டு என்பது உண்மையே. துளை, பொங்கிய மாவைக் காட்டும், உளுந்தைக் காட்டாது.

உளுந்தின் பங்கு சிறிதன்று. அரிசிமாவில் கோதுமைபோல் வளியைப் பிடித்துவைக்கும் பசைப்புரதம் இல்லை. உளுந்தின் வழுவழுப்பும் புரதமும் சேர்ந்தே நுரையைத் தாங்குகின்றன. புளிப்பின்போது வளியைத் தருவது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிர் என்பதை இட்லி மாவை ஆராய்ந்தோர் 1965இல் வெளியிட்டனர். இக்கூட்டு இல்லாமல் தோசை தோசையாவதில்லை. மதுரைக்காஞ்சியில் உளுந்தும் இல்லை, அரைத்தலும் இல்லை, வைத்திருத்தலும் இல்லை.

புளிப்பு இருக்கும் இடம்

வைத்திருத்தல் வேறோரிடத்தில் உண்டு. பெரும்பாணாற்றுப்படையிலேயே, கூவியர் உவமைக்கு ஏறத்தாழ நூறு அடிகள் முன்பு, வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது (பெரும்பாண். 275-281). குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற தட்டுப்பிழாவில் ஆறவைத்து, அதில் நல்ல 'அடை'யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்வரை சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். அந்த அடை, பாம்பு உறையும் புற்றில் உள்ள குரும்பியை, அதாவது கறையான் கூட்டின் உள்ளடுக்கை ஒத்திருந்தது என்கிறார் புலவர். நெல்முளையால் ஆன புளிப்பூட்டும் கூட்டு அது.

உணவு வரலாற்றாளர் தேடிய அனைத்தும் இங்கே உள்ளன: அரிசி, புளிப்பூட்டி, காலம், கலம், துளைத்துளையான தோற்றம், 'அடை' என்னும் சொல்லும்கூட. இல்லாதது அடுப்புக்கல் மட்டும். அரிசியைப் புளிக்கவைக்கும் அறிவு அக்காலத் தமிழகத்தில் துல்லியமாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவ்வறிவு கூவியரின் அகலுக்குச் சென்றதா என்பதைப் பாடல் சொல்லவில்லை. வலைஞர் முற்றத்துச் சாடியும் நகரத்துக் கூவியர் அகலும் ஒரே பாடலில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதனபோல் நிற்கின்றன. சாடியைப் பற்றிச் சொல்லும்போது நாட்கணக்கையும் சொல்லும் புலவர், அகலைப் பற்றிச் சொல்லும்போது நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஆற்றுப்படைப் பாணனுக்கு வழியில் எது விருந்தாகக் கிடைக்கும் என்பதே அவர் கருத்து. கள் விருந்து, வட்டம் உவமை.

பாட்டும் குறிப்பும்

பாடல் தராததைத் தரவில்லை என்று குறைகூற இயலாது. பிற மொழிகளில் பான்கேக்கின் தொன்மை நிறுவப்பட்டது வேறுவகை நூல்களைக் கொண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலன், உணவுப் பொருள்களின் இயல்பைப் பற்றிய தம் நூலில் தெகனித்தாய் என்னும் பண்டத்தைச் செய்யும் முறையையே எழுதிவைத்தார். புகையில்லாத தீயில் சட்டியை வைத்து, எண்ணெய் காய்ந்ததும் நீரில் கரைத்த கோதுமை மாவை ஊற்றி, அது இறுகியதும் திருப்பித் திருப்பி வேகவைப்பர். சிலர் தேன் சேர்ப்பர், சிலர் கடலுப்புச் சேர்ப்பர் என்கிறார். அது எளிதில் செரிக்காது என்பதே அவருக்கு முதன்மை. ஆயினும் ஊற்றுதல், இறுகுதல், திருப்புதல் என்னும் மூன்று வினைகளும் அதில் பதிவாகிவிட்டன. 1615இல் ஜெர்வேஸ் மார்க்கம் எழுதிய ஆங்கில இல்லத்தரசியர் நூலில், பால் விட்டுக் கரைத்தால் பான்கேக் மொறுமொறுப்பின்றி இழுபடும், நீரே நன்று என்னும் வாதம்கூட உண்டு. கேலனின் நூலையும் மதுரைக்காஞ்சியையும் ஒரே தட்டில் வைத்து எது பழையது என்று நிறுப்பது, மருத்துவக் குறிப்பையும் நள்ளிரவு நகரக் காட்சியையும் ஒரே வகை நூலாகக் கொள்வதாகும்.

தென்னாட்டில் குறிப்புவகை நூல் வடமொழியிலும் கன்னடத்திலும் முதலில் கிடைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் தோசகம் என்னும் பண்டம் வருகிறது. உடுப்பித் தரப்பினரும் கன்னட ஆய்வாளரும் இதனைத் தோசையின் முதற்சான்றாக எடுத்துக்காட்டுகின்றனர். பெயர் ஒன்றே, பண்டம் ஒன்றன்று. அங்குச் சொல்லப்படுவது பருப்பு மாவால் ஆனது, அரிசி இல்லை. இன்றைய பண்டங்களில் அதற்கு அண்மையது ஆந்திரத்தின் பெசரட்டோ தமிழரின் அடையோ ஆகும். மதுரைக்காஞ்சியில் பொங்கிய அடை இருக்கக்கூடும், தோசை என்னும் பெயர் இல்லை. மானசோல்லாசத்தில் தோசை என்னும் பெயர் உண்டு, இன்றைய தோசை இல்லை. வழக்காடும் இரு தரப்பினரும் ஒரே பிழையை எதிரெதிர்த் திசையில் செய்கின்றனர்.

'அப்பம்' என்னும் சொல்லின் வரலாற்றிலும் இவ்வெச்சரிக்கை தேவை. இருக்கு வேதத்தில் வேள்விப் பண்டமாக வரும் அபூபத்தோடு இச்சொல்லை இணைப்போர் உண்டு. திராவிடச் சொற்பிறப்பு அகராதி அப்பத்துக்குத் தனிப்பதிவு தருகிறது. சொல் எங்கிருந்து வந்தது என்பது முடிவானாலும் பண்டம் எங்கிருந்து வந்தது என்பது முடிவாகாது. தமிழ்ப் பாடலில் அப்பம் ஐயத்துக்கு இடமின்றி நிற்பது பெரியாழ்வாரிடம். கண்ணனை நீராட அழைக்கும் தாய், அப்பம் கலந்த சிற்றுண்டியைப் பாலும் அக்காரமும் கூட்டித் தானே சுட்டுவைத்திருப்பதாகச் சொல்லி ஆசைகாட்டுகிறாள். பாலும் இனிப்பும் இங்கும் கூடவே வருகின்றன. வினை மட்டும் மாறிவிட்டது: பிடித்தல் போய்ச் சுடுதல் வந்திருக்கிறது. செய்பவரும் மாறியிருக்கிறார்.

இம்மாற்றம் இதுவரை போதிய கவனம் பெறவில்லை. மதுரைக்காஞ்சியிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் இவ்வகைப் பண்டம் செய்பவர் கூவியர் என்னும் தொழிலர். சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும்போதும் பிட்டு வணிகரான காழியரோடு கூவியரைச் சேர்த்தே சொல்கிறது. மூன்று நூல்களிலும் இது வீட்டில் சுட்டதன்று, விலைக்கு வாங்கியது. ஐரோப்பாவில் தவக்காலத்துக்கு முந்திய செவ்வாயன்று வீட்டிலுள்ள முட்டையையும் கொழுப்பையும் தீர்ப்பதற்காகப் பான்கேக் சுட்ட வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கு அது வீட்டின் இருப்பைச் செலவழிக்கும் வழி. இங்கு அது தெருவில் ஒரு கூட்டத்தார் பிழைக்கும் வழி. அத்தொழிலர் எம்மரபினர், பெண்களும் அத்தொழிலில் இருந்தனரா, பாகுக்கான கரும்பும் எண்ணெயும் அவர்களுக்கு எங்கிருந்து வந்தன என்னும் கேள்விகள், தோசை யாருடையது என்னும் கேள்வியைவிடப் பாடல்களுக்கு நெருக்கமானவை.

தோசை, பெயராலும் பொருளாலும் ஒருசேர அகப்படும் இடம் பாடலன்று, கல்வெட்டு. விசயநகரக் காலத்துத் திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளில், 16ஆம் நூற்றாண்டில், அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி ஆகியவற்றோடு தோசைப்படியும் இடம்பெறுகிறது. கொடையாளர் வைத்த முதலிலிருந்து ஒவ்வொரு படிக்கும் அரிசி, உளுந்து, நெய், வெல்லம் முதலியன எவ்வளவு அளக்கவேண்டும், படைத்தபின் எந்தப் பங்கு யாருக்கு என்பன கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பமும் தோசையும் அங்கு அடுத்தடுத்து, வேறு வேறு பொருள்களோடும் வேறு வேறு அளவுகளோடும் நிற்கின்றன. ஒன்றை மற்றொன்றாகப் படிக்க அக்கணக்கர் இடம் வைக்கவில்லை.